ஏழாம் எண் டோக்கன்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது இருட்டில் நடந்ததில்லை. பட்டப்பகல், மதியம் இரண்டரை மணி. குளிர்பதனக் கிடங்குக்குப் போகும் சாலை. ஈ காக்கை கிடையாது.

அதில் சைக்கிளில் போனவர் என் நண்பனின் சித்தப்பா. கிடங்கில் காவலாளி; மதியம் வேலை முடிந்ததும் அறைகளைப் பூட்டுவது அவர் வேலை. உறைபனி அறைக்குள் போகிறவர்கள் தங்கள் டோக்கனைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார்கள். டோக்கன் தொங்கினால் பூட்டக் கூடாது.

அன்று ஏழாம் எண் தொங்கியது. அவர் மச்சானுடையது, மனைவியின் தம்பி. அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே சித்தப்பாதான். மேனேஜருக்கு போன் போட்டார்.

"டோக்கன் தொங்குது சார். திறந்து பாக்கட்டுமா?"

"திறந்தா குளிர் போயிடும்யா. மறந்துட்டுப் போயிருப்பான். பூட்டு, நான் பொறுப்பு."

"சரிங்க சார்."

மறுநாள் திறந்தபோது... மச்சான் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விரல் முட்டிகளில் தோலே இல்லை.

விசாரணையில் மேனேஜர் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "இவர் எனக்கு போனே பண்ணலை." பாவி, வாய் கூசவில்லை! பதினோரு வருடம் சலாம் போட்டதற்குக் கிடைத்த மரியாதை. வேலை போனது. அன்றே அவருடைய டோக்கனையும் பிடுங்கிக்கொண்டார்கள். மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த "சரிங்க சார்" மட்டும் அவரைத் தூங்கவிடவில்லை.

பிறகொரு மதியம். அதே இரண்டரை. வெயில் கொளுத்துகிறது. சித்தப்பா வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறார். திடீரென்று கிடங்கின் அமோனியா வாடை... வாசல் கதவுக்கு வெளியே 'கிணிங்' என்று ஒரு சத்தம். ஆணியில் டோக்கன் மாட்டுகிற சத்தம்.

அப்புறம் மச்சானின் குரல். கோபமே இல்லை. பணிவாக, யாரிடமோ.

"மாமாவோட டோக்கன் தொங்குது சார்... திறந்து பாக்கட்டுமா?"

சித்தப்பா பாய்ந்து கதவை அடித்தார். "டேய், நான் உள்ளதான்டா இருக்கேன்! அந்தாளு பேச்சைக் கேக்காதடா!"

வெளியே, போனில் கேட்பது போல "ம்..." என்றது அந்தக் குரல்.

"சரிங்க சார்."

டக்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து அவரைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. அந்த வெயிலில் புருவமெல்லாம் பனி. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

இதைவிட மோசம், மேனேஜரின் டிரைவர் அப்புறம் சொன்னதுதான். சித்தப்பா வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட அன்று, அதே இரண்டரைக்கு, காரில் மேனேஜருக்கு ஒரு போன் வந்ததாம். பேசுவது யார் என்றுகூடக் கேட்கவில்லையாம்.

"பூட்டு, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.