மாப்பிள்ளை கேட்காத பெயர்

எங்கள் அலுவலகத்தில் கூட்ட அறைகளுக்குப் பெயர் உண்டு. ‘உண்மை’ அறையில் ஏசி சரியாக ஓடாது. அதனால் எல்லாரும் ‘நம்பிக்கை’யில்தான் உட்காருவோம். உங்கள் விசாரணையையும் அங்கேயே வைத்திருக்கலாம். இங்கே மின்விசிறி போடும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நாட்டில் பாதிப்பேர் கைப்பேசியில் இருக்கும் செயலி எங்களுடையது. அதில் தேர்தல் காலப் பொய்களைத் தடுக்கும் பிரிவுக்கு நான் தலைவன். தேர்தலுக்கு முன் பத்திரிகை முதலாளிகளோடு கைகோத்து ‘ஜனநாயகம் காப்போம்’ என்று மேடை போட்டோம். என் தங்கை செய்தியாளர். மேடையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “தீ வைக்கிறவனும் அணைக்கிறவனும் சேர்ந்து எடுத்த செல்ஃபி மாதிரி இருக்கு அண்ணா” என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் நீளம்.

வாக்கு எண்ணும் நாளில் ஆளுங்கட்சி பின்தங்கியது. மதியத்துக்குள் எங்கள் செயலியில் ஒரு வீடியோ பரவியது. எண்ணும் பணியில் இருந்த ஆசிரியை ஒருவர் வாக்குச்சீட்டுக் கட்டை மேசைக்கு அடியில் ஒளிப்பதாகத் தெரிந்தது. கூட்டம் மையத்தைச் சூழ்ந்தது, எண்ணிக்கை நின்றது.

தங்கை கூப்பிட்டாள். “அண்ணா, அது வெட்டின வீடியோ. முழுசும் எனக்கு வந்திருக்கு. அந்த டீச்சர் கீழ விழுந்த கட்டை எடுத்து மேல வைக்கிறாங்க, அவ்வளவுதான். முதல்ல உங்க செயலியிலேர்ந்து அந்த வெட்டின வீடியோவைத் தூக்கு.”

“உனக்கு யார் அனுப்பினது?”

“அதைச் சொல்வேனா?”

“சரிம்மா, கமிட்டி கூடணும்.”

“ஊரே பத்திக்கிட்டு எரியுது, நீ கமிட்டிங்கறே!”

கமிட்டி கூடியது. வீடியோவின் கீழே ‘மாற்றுக் கருத்து இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்க்க முடிவானது. அதன் எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் இழுபறி.

அப்போது மாப்பிள்ளை வந்தார். ஆளுங்கட்சிக்காக எங்களிடம் வந்துபோகும் ஆள். வந்தால் தலைதீபாவளிக்கு வந்தவரைப் போலக் கவனிக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். அவர் கேட்டது ஒன்றுதான்: “உங்க தங்கச்சி நாளைக்கு ஏதோ எழுதப் போறாங்களாமே?”

எனக்குத் தங்கையை நினைத்துப் பயமாக இருந்தது. இவர்களுக்கு வேறு ஒரு பெயர் கிடைத்தால் அவளை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். எங்கள் செயலியில் தனிச்செய்திகளை யாரும் படிக்க முடியாது என்று விளம்பரம் செய்கிறோம். அந்த ‘யாரும்’ என்பதில் நான் சேர்த்தியில்லை. தங்கைக்கு வந்த செய்திகளைத் திறந்து பார்த்தேன். முழு வீடியோவை அனுப்பியவர் எண்ணும் மையத்தில் படம்பிடிக்க அமர்த்தப்பட்ட கேமராக்காரர். பெயரைச் சொன்னேன். மாப்பிள்ளைக்குத் தேடி அலையும் சிரமம் வேண்டாமென்று தெருவையும் சொன்னேன்.

மறுநாள் தங்கையின் கட்டுரை வந்தது. அதற்குள் கேமராக்காரர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாய்க்காலில் கிடந்தார். சாட்சி சொல்ல ஆளில்லை. முழு வீடியோதான் போலி என்றார்கள். தேர்தல் ரத்தானது. பழைய அரசே தற்காலிகமாகத் தொடர்கிறது. நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். பத்திரிகைகள் எங்கள் வருத்தத்தை முதல் பக்கத்தில் போட்டன.

தங்கை வீட்டுக்கு வந்தாள். “அண்ணா, அவர் பேர் எப்படி வெளியே போச்சு? நான்தான் எங்கேயோ உளறியிருக்கேன், இல்லையா?”

“மனசைப் போட்டுக் குழப்பிக்காதேம்மா” என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் வேலையை விட்டுவிட்டாள். கேமராக்காரரின் மனைவியைப் போய்ப் பார்த்து, என்னால்தான் என்று சொல்லிக் காலில் விழுந்திருக்கிறாள். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டாராம். இளைத்துப் போனாள். பார்க்கச் சகிக்காமல் என் பிரிவிலேயே வேலை போட்டுக் கொடுத்தேன். வாய் நீளமெல்லாம் போய்விட்டது, சொன்னதைச் செய்கிறாள்.

யாரும் என்னை மிரட்டவில்லை, காசு தரவில்லை. கேட்காத பெயரை நானாகத்தான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கைக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவள் தன் தப்பை உணர்ந்து இப்போதுதான் திருந்தி வருகிறாள்.