கிரீடம் வேண்டாம் என்றவர்

சான் ஹோசேயில் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட் பண்றாளே, அந்த இங்கிலீஷ் சோல்ஜர், ராஜாவை ஒழிச்சுட்டு அப்புறம் பார்லிமென்ட்டையும் கலைச்சுட்டானாம். அப்படியே நீங்கதான்!"

"முன்னூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி எவனோ பண்ணதுக்கு என் மேல ஏன் எரிஞ்சு விழற?"

"நம்ம சங்கத்துப் பழைய பிரசிடெண்டை விரட்டினது யாரு? கமிட்டியைக் கலைச்சது யாரு?"

"பிரசிடெண்ட் போஸ்ட்டே வேணாம்னு சொன்னேன்ல? நான் வெறும் கோஆர்டினேட்டர்!"

"அவனும் கிரீடம் வேணாம்னுதான் சொன்னான். அரண்மனையை விட்டானா?"

பரிமாறிக்கொண்டிருந்த பெண் அதற்குள் அவரைப் பார்த்துவிட்டாள். "அங்கிள், நீங்க போய் லைன்ல நிக்கறதா? முன்னாடி வாங்க!"

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போனார்.