ஆடி காவல் காத்த வீடு

ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டுத்தான் மேல பேசப் போறேன்... பயப்படாதீங்க, சின்னதுதான்.

தாம்பரத்துல தணிகைவேல்னு ஒருத்தர். மூணாவது மாடியில சொந்த ஃபிளாட், பாதிக் கடன் பாக்கி. லிஃப்ட் கிடையாது. அவர் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால ஒரு காலையே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சக்கர நாற்காலியோட ரெண்டு பேர் தூக்கணும். இறக்கி முடிக்கிற வரைக்கும் அந்த மனுஷன் கண்ணை இறுக்கி மூடிக்குவார்...

அடுத்த தெருவுல தரைத்தள வீடு ஒண்ணு விலைக்கு வந்தது. தணிகைவேல் பாங்குக்கு ஓடினார். மேனேஜர் அம்மா காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாங்க.

"சார், இப்ப கட்டுற தவணையோட இன்னொரு கடனை உங்க சம்பளம் தாங்காது. முதல்ல பழைய கடனை எங்க பாங்குக்கு மாத்துங்க. வட்டி குறையும், தவணை குறையும். அப்புறம் புதுக் கடன் கேளுங்க, தர்றோம்."

"எத்தனை நாளாகும் மேடம்?"

"உங்க பழைய பாங்குல இருந்து ஃபிளாட் பத்திரம் வரணுமே... ஒரு மாசம்."

ஒரு மாசம்! நாளை மறுநாள் ஆடி பொறக்குது. ஆடியில நம்மாளு யாராவது வீடு வாங்குவாங்களா?

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கத்தினார். "ரேணுகா, நகையை எடு! இப்பவே அட்வான்ஸ் கொடுத்துடறேன். விட்டா வீடு போயிடும்!"

மனைவி அசையலை. "கொடுத்துட்டு, பாங்க் கடன் தரலைன்னா? நகையும் போச்சு, வீடும் போச்சு. மாத்துற வேலையை முதல்ல பாருங்க."

"அதுக்குள்ள வேற எவனாவது வாங்கிட்டா?"

ரேணுகா சிரிச்சாங்க. "ஏங்க... ஆடின்னு நீங்களே வாங்க மாட்டேங்கிறீங்க. வேற எவன் வாங்குவான்?"

ரெண்டு பேருமா அந்தத் தரைத்தள வீட்டுக்காரர் ராஜமாணிக்கத்தைப் போய்ப் பார்த்து, ஒரு மாசம் பொறுப்பீங்களான்னு கேட்டாங்க.

"அட போங்கம்மா! ஆடி முழுக்க புரோக்கர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். ஆவணி முதல் முகூர்த்தத்துல வாங்க. ஆனா அன்னிக்கு வரலைன்னா, மறுநாள் வேற ஆளுக்குக் காட்டுவேன்."

ஆடி மாசம் முழுக்க பத்திரம் பாங்கு மாறிச்சு. தவணை குறைஞ்சது. புதுக் கடனும் வந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துல பதிவு! பால் காய்ச்சின அன்னிக்குச் சாயங்காலம் அந்த அப்பா... யாரையும் கூப்பிடலை. தானே சக்கரத்தை உருட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போனார்.

நல்லா யோசிங்க மக்களே. வீட்டை முதல்ல பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? கடனை முதல்ல மாத்தினதால என்ன ஆச்சு? அதே பணம், அதே மனுஷங்க... வரிசைதான் வேற. முந்திச் செய்ய வேண்டியதைப் பிந்திச் செய்ய வைக்கிறது எது? பயம். யாரோ தட்டிப் பறிச்சுடுவாங்கங்கிற பயம்!

அடுத்த தடவை அந்தப் பயம் உங்களைத் துரத்தும்போது ஓடாதீங்க. ஒரு நிமிஷம் நின்னு திரும்பிப் பாருங்க...

பல நேரம், பின்னாடி ஒருத்தருமே வந்துக்கிட்டு இருக்க மாட்டாங்க.