அளவிடக்கூடிய மாற்றம்

தேநீரில் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னேன், அப்படியே வந்திருக்கிறது. நன்றி, ஐயா. அரசு அலுவலகத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆளைப் பார்ப்பதே அபூர்வம். குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன், எனக்குத் தெரியாதா.

என் மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். பொதுக் கொள்கையும் சர்வதேச உறவும். வாளி தூக்கிப் பழகாதவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற படிப்பு. முதல் வருடம் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினாள். ஐந்தும் கையை விரித்துவிட்டன. மதிப்பெண்ணில் குறையில்லை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘ஒரு பொதுப் பிரச்சினையில் நீங்கள் கொண்டுவந்த, அளவிடக்கூடிய மாற்றத்தை விவரிக்கவும்.’ இருபத்து மூன்று வயதுப் பெண் எதை மாற்றியிருப்பாள்? தன் அறைக்குப் பெயிண்டை மாற்றினாள், அதுவும் என்னோடு சண்டை போட்டு.

விண்ணப்ப ஆலோசகர் என்று ஓர் அம்மையார் இருக்கிறார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு பேசுவார். “களத்துல ஏதாவது செய்யணும்மா. மூணு மாசம் கணக்கெடுங்க, மனு கொடுங்க, போராடுங்க. பிரச்சினை தீர்ந்ததும் மறுபடி கணக்கெடுங்க. முன்ன இவ்வளவு, பின்ன இவ்வளவு. அதைத்தான் அவங்க பாக்கறாங்க.”

வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். “நான் கைய வச்சா எந்தப் பிரச்சினைப்பா மூணு மாசத்துல தீரும்?”

தாயில்லாமல் வளர்ந்த பெண். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டி என்னிடம் இருந்தது.

ரயில் பாதைக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அங்கே புதுக் குழாய் பதித்து, அழுத்தச் சோதனையும் முடிந்திருந்தது. பெரிய வால்வைத் திறந்தால் தண்ணீர். திறக்க உத்தரவு போட வேண்டியவன் நான். போடவில்லை. கோப்பில் ‘மறுசோதனை தேவை’ என்று எழுதி வைத்தேன். மகளிடம், “அந்தப் பக்கம் தண்ணி இல்லையாம், போய்ப் பாரேன்” என்றேன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வாக்குமூலத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பார்க்க வேண்டுமே அவளை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக்கூட வாரவாரம் குறித்தாள். ஒருநாள் நாற்பது பெண்களோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பா என்று கூப்பிடாமல், “சார், இந்த மனுவுக்குப் பதில் சொல்லுங்க” என்றாள். மனுவை வாங்கி, பெருமையோடு முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அந்த மக்கள் அதுவரை தண்டவாளத்து ஓரப் பள்ளத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார்கள். பத்து வருடமாகக் குடித்த தண்ணீர்தான். நான் அதில் எதையும் கலக்கவில்லை.

பதினோராவது வாரம் காய்ச்சலும் வாந்தியும் பரவின. தையல்காரம்மா ஒருத்தி நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “பைப்பு போட்டு எவ்வளவு நாளாச்சு சார்? எப்பதான் தொறப்பீங்க? புள்ளைக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குது.”

“டெஸ்ட் பாக்கி இருக்கும்மா. காய்ச்சிக் குடிங்க” என்றேன்.

கணக்கெடுப்பு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பாதியில் திறந்தால் மூன்று மாத உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். ஆறாம் நாள் அந்தக் குழந்தை இறந்தது. பத்தாம் நாள் காலை, சொல்லி வைத்தபடி, வால்வைத் திறந்தேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

இரண்டாவது கணக்கெடுப்பில் வயிற்று நோய் நூற்றுக்கு எண்பத்து மூன்று குறைந்திருந்தது. நோய் உச்சத்தில் இருந்தபோது திறந்ததால் சரிவு நன்றாக வந்தது. மகளின் கட்டுரை அந்தக் குழந்தையிடமிருந்து தொடங்கியது. ஆலோசகர் அம்மையார் படித்துவிட்டு, “இப்பத்தான் இதுக்கு உயிரே வந்திருக்கு” என்றார். மூன்று பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்தன. தேர்வுக் குழுவில் ஒருவராவது குழாய் எப்போது பதித்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவ்வளவு படித்தவர்கள்.

கேட்டது என் மகள்தான். நன்றி சொல்ல இனிப்போடு அலுவலகத்துக்கு வந்தவள், சோதனை அறிக்கையின் தேதியைப் பார்த்துவிட்டாள். என் மேல் வந்த புகாரை, கொடுத்தவர் பெயரை மறைத்துக் காட்டினீர்கள். மூன்று வரி படித்ததும் அவள் எழுத்து என்று தெரிந்துவிட்டது. தேதி, எண்ணிக்கை, ஆதாரம். ஒரு சொல் வீணில்லை. என்னிடம் அவள் பேசியதும் ஒரே வரிதான். “அந்தப் புள்ளைய நான் தூக்கி வச்சிருந்தேன்பா.” மூன்று இடங்களையும் வேண்டாமென்று எழுதிவிட்டு வீட்டை விட்டுப் போனாள்.

ஆக, மறதியுமில்லை, கவனக்குறைவுமில்லை. குழந்தைக்கு முடியவில்லை என்று தெரிந்தேதான் வால்வை மூடி வைத்திருந்தேன். கையெழுத்துப் போடத் தயார்.

ஒரு காரியம் மட்டும் முடித்துவிட்டு வந்தேன். அவளுடைய மின்னஞ்சல் கடவுச்சொல் எனக்குத் தெரியும். ‘அவசரப்பட்டுவிட்டேன், கட்டாயம் சேருகிறேன்’ என்று அந்த மூன்றில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவள் பெயரில் நானே எழுதினேன். இடம் அவளுக்கே என்று இன்று காலை பதில் வந்துவிட்டது. கோபம் ஆறட்டும், ஐயா, வந்துவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?