ஊசி மொனையில சூடு

...பின்ன என்ன சார், ஊசியாம் ஊசி! வெட்டாம கிழிக்காம, எலும்புக்குள்ள இருக்கிற கட்டிய ஊசி மொனையிலயே சுட்டுட்டாங்களாம். ஆறே நிமிசமாம்! யாருகிட்ட கத உடுறாங்க? நெல்லிக்குப்பத்துல இருவது வருசமா வெல்டிங் பட்டற வெச்சிருக்கேன், சூடு வெக்கிறத எனக்கே சொல்லித் தராங்க!

எம்பொண்ணு சிந்துஜாவுக்குத்தான். பிளஸ் டூ, வாலிபால் ஆடுறவ. ஒன்ற வருசமா மொழங்காலுக்குக் கீழ வலி. ராத்திரியானா ஜாஸ்தி, ஒரு மாத்தர போட்டா அடங்கிடும். மாத்தரைக்கு அடங்குறதெல்லாம் ஒரு வலியா? பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறான்னேன். ஆனா சும்மா உடல சார்... திட்டக்குடி பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுற ஆளுகிட்ட கூட்டிட்டுப் போனேன். முட்டையத் தடவி மூங்கில் பத்த வெச்சுக் கட்டுனான். பிரிச்சா காலு சூம்பிக் கெடக்குது! அவனெல்லாம் ஒரு வைத்தியன்!

எம் மச்சான் அறிவழகன், சிதம்பரத்துல ஸ்கேன் சென்டர்ல வேல. டாக்டர்னே நெனப்பு அவனுக்கு. ஒரு விசேசத்துல இவ நொண்டுறதப் பாத்துட்டு இழுத்துட்டுப் போயி ஸ்கேன் எடுத்துட்டான். "மாமா, இது கேன்சரு இல்ல, சாதாரணக் கட்டி, பட்டாணி சைசு. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசிய எறக்கிச் சுட்டுடுவாங்க"ன்னான். பெரிய இவன்!

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டாக்டரம்மா. "நல்லாத் தொறந்து செதுக்கி எடுத்துடுங்க"ன்னேன். சிரிக்குது! காத்தால உள்ள போனவ மத்தியானம் வெளிய வந்துட்டா. அன்னிக்கு ராத்திரி மாத்தர இல்லாம தூங்குனா சார்... மறுநாளு நடந்தா. தழும்பு? கொசு கடிச்சாப்புல. இதெல்லாம் ஒரு ஆப்ரேசனா?

அப்புறம் ஏன்யா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கன்னுதானே பாக்குறீங்க? ஆப்ரேசன் அன்னிக்கே மாத்துத்துணி எடுக்க வூட்டுக்குப் போன எம்பொண்டாட்டி தமிழ்ச்செல்வி, பீரோல துணிக்கு அடியில ஒரு கவர எடுத்துட்டா. போன வருசம் கடலூர்ல நான் தனியாக் கூட்டிட்டுப் போயி எடுத்த ஸ்கேனு. கட்டி இருக்குது, ஒடனே காட்டுங்கன்னு அப்பவே எழுதிக் குடுத்திருக்கான். எனக்கு அதுல ட்யூமருங்கற ஒரு வார்த்ததான் சார் புரிஞ்சுது. எங்கப்பன் அந்த வார்த்தயிலதான் போனாரு. பீரோல மடிச்சு வெச்சுட்டு, ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னு வூட்ல சொல்லிட்டேன். அப்புறந்தான்... அந்தக் கட்டுக்காரங்கிட்ட போனது.

சிந்துஜா கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நடிக்கிறேன்னு சொன்னியேப்பா, அப்ப ஒனக்குத் தெரியுமா?"

தெரியும்னேன்.

ஆஸ்பத்திரியில இருந்து நேரா மாமன் வூட்டுக்குப் போயிட்டா. மூணு மாசமாச்சு. இன்னிக்கு சிதம்பரத்துல மறுபடி மேட்ச் ஆடப்போறாளாம். எனக்குச் சொல்லல, மச்சாந்தான் போன் பண்ணான். அதான் இந்தப் பஸ்ல ஏறிட்டேன். அவ நாலு வார்த்த திட்டுனா தேவல சார்... என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? அந்தப் பக்கத்து சீட்ல வெயிலு அடிக்கும் சார்...