ஏழு குறைத்துக்கொள்

அன்புள்ள தங்கைக்கு,

அன்று படகுச் சங்க அலுவலகத்தில் நாற்காலி ஐந்து. ஆட்கள் ஆறு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

ரேடியோ மேஜைக்கு முன்னால் நான். எனக்கு எதிரே, சுவரில் மாட்டிய கடல் வரைபடத்துக்குப் பக்கத்தில், தேடுதல் அதிகாரி. அவருக்கு நாற்காலி போட்டிருந்தோம். அவர் உட்காரவே இல்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெத்தை வைத்த நாற்காலியில் சங்கத் தலைவர். ஜன்னலோரம் நீ, மடியில் சின்னவள். உனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையுடைய உதவியாளரின் மனைவி. ஆறாவது ஆள் சிவப்புப் படகுக்காரர். அவர் வாசலுக்கு அருகே ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார், எனக்கு நேர் பார்வையில். மணி மூன்று ஐம்பது.

போன வாரம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அன்று மாப்பிள்ளை படகில் தூண்டில் போடப் போயிருந்த பல் டாக்டர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நீ போய்ப் பார்த்ததாகவும், கடலில் மிதந்த நேரமெல்லாம் மாப்பிள்ளை ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார் என்றும் சொன்னாய். "என் மச்சான் இருக்கான், அவன் குறைச்சுக்குவான்." எதை என்று டாக்டருக்குப் புரியவில்லை. "அண்ணா, குறைச்சுக்குவான்னா என்ன?" என்று கேட்டாய். உப்புத்தண்ணி குடிச்ச மயக்கத்துல ஏதாவது பேசியிருப்பார்மா என்றேன். நீ தலையாட்டிவிட்டு எனக்குச் சாப்பாடு போட்டாய். நானும் சாப்பிட்டேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும் என்றாலும் சொல்கிறேன். தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு தாள் எழுதிப் படகுத்துறையிலும் இரண்டு ஓட்டல்களிலும் ஒட்டுவேன். அலை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை டிகிரி, முந்தின நாள் எந்தப் படகு எந்த இடத்தில் என்ன பிடித்தது. தூண்டில் போட வரும் வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் படகு ஏறுவார்கள். சூரை இருபது கிலோ, சீலா பதினொன்று, மயில் மீன் ஒன்று, அளந்துவிட்டுத் திரும்பக் கடலில் விட்டது. இப்படி ஒரு பக்கம். பதினான்கு வருஷமாக எழுதுகிறேன். என் பெயரை விட்டுவிட்டு என்னை 'நிலவரம்' என்றே எல்லோரும் கூப்பிடுவதும் உனக்குத் தெரியும். "நிலவரம் எழுதிட்டாரா? அப்ப சரி" என்பார்கள். அதைக் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது.

காற்று விஷயத்தில் நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. அலை விஷயத்திலும் இல்லை.

இடம் விஷயத்தில்தான். உன் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் மாப்பிள்ளைக்கு ஒரு மேடு கிடைத்தது. கடலுக்கு அடியில் சின்ன மலை மாதிரி எழும்பி நிற்கும், அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீர் சுழலும், பொடிமீன் சேரும், பொடிமீனைத் தேடிப் பெரிய மீன் வரும். அந்த இடம் வெளியே தெரிந்தால் ஒரே வாரத்தில் நாற்பது படகு வந்து நின்றுவிடும். ரேடியோவில் யார் பேசினாலும் எல்லோர் காதிலும் விழும். ஆகவே மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார். இடத்துக்கு இரண்டு எண், வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. இரண்டிலும் ஏழு கூட்டிச் சொல்வேன், நீ ஏழு குறைச்சுக்க மச்சான் என்றார். ஏன் ஏழு என்றேன். "கல்யாணத் தேதிய மறந்தா உன் தங்கச்சி என்னை விட்டு வைப்பாளா? அதனால எனக்கு மறக்காது" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதுவேன். அதையே தாளில் எழுதி ஒட்டுவேன். உண்மையான எண் சட்டைப் பையிலுள்ள சின்ன நோட்டில் மட்டும் இருக்கும். எந்தப் பருவத்தில் மேட்டின் எந்தப் பக்கம் மீன் நின்றது என்று பின்னால் பார்த்து மாப்பிள்ளைக்குச் சொல்வதற்காக. யோசனை அவருடையது. எழுதிய கை என்னுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில், இதே அறையில், சிவப்புப் படகுக்காரர் எழுந்தார். "நிலவரம் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க போடுற எடத்துல மூணு தடவ போய்ப் பாத்துட்டேன். கருவாட்டு வாசனை கூட இல்ல" என்றார். நான் பதிவேட்டை எடுத்து வைத்தேன். தாளையும் பதிவேட்டையும் தலைவர் ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். ஓர் எழுத்து மாறவில்லை. "மீனு உன் மூஞ்சியப் பாத்து ஓடியிருக்கும்யா" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். படகுக்காரர் எல்லோர் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "பரவாயில்ல தம்பி, சந்தேகம் வர்றது சகஜம்."

இனி அந்த நாள்.

காலையில் அலை இரண்டடி, தண்ணீர் இருபத்தொன்பது டிகிரி, ஆழ்கடலின் நீலத் தண்ணீர் கரைக்கு வெகு பக்கத்தில் வந்திருந்தது. மதியத்துக்கு மேல் தெற்கே மேகம் திரளும், இரண்டு மணிக்குள் திரும்பவும் என்று தாளில் எழுதியிருந்தேன். மற்ற படகுகள் திரும்பிவிட்டன. பல் டாக்டரின் தூண்டிலில் ஒரு பெரிய மயில் மீன் மாட்டி இழுத்துக்கொண்டிருந்ததால் மாப்பிள்ளை மட்டும் தங்கிவிட்டார். மூன்று பத்துக்கு ரேடியோவில் அவர் குரல் வந்தது. ஒலிபெருக்கி கெட்டுப்போய் ஒரு மாதமாகியிருந்தது. காதில் மாட்டித்தான் கேட்பேன். அறையில் அப்போது நான் மட்டும்.

பின்பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது, எஞ்சின் நின்றுவிட்டது என்றார். "எழுதிக்க மச்சான். வடக்கு நாப்பத்தொண்ணு, கிழக்கு முப்பத்தி மூணு." பத்து வருஷப் பழக்கம், வாய் தானாகக் கூட்டிச் சொல்லிவிட்டது. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். ஒரு நொடி கழித்து, "நீ குறைச்சுக்க, உனக்குத் தெரியும்ல?" என்றார். "தெரியும் மாப்பிள்ளை" என்றேன். அதோடு ரேடியோ நின்றது.

பதிவேட்டில் எழுதினேன்: வடக்கு நாற்பத்தொன்று, கிழக்கு முப்பத்து மூன்று. அவர் சொன்னது அதுதானே. தேடுதல் அலுவலகத்துக்கும், தலைவருக்கும், உனக்கும் தகவல் சொன்னேன். எல்லோரும் வந்தீர்கள். முதலில் எழுதியது போல உட்கார்ந்தீர்கள்.

"கடைசியா எங்க இருந்தாங்க?" என்று அதிகாரி கேட்டார். பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அவர் வரைபடத்தில் ஒரு குண்டூசி குத்தினார். உண்மையான இடம் அந்த ஊசிக்குக் கீழே, இடப்பக்கம், நாலு விரல் தள்ளி இருந்தது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ கேட்டாய்: "அண்ணா, சரியாத்தானே எழுதியிருக்க?"

"வார்த்தைக்கு வார்த்தை அவர் சொன்னதுதான்மா" என்றேன். அது உண்மை.

ஐஸ் பெட்டியின் மேலிருந்து சிவப்புப் படகுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகமாக அல்ல. மன்னிப்புக் கேட்ட நாளிலிருந்து என் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினவர் அவர். "இதுல ஏழைக் கழிங்க" என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் பதினான்கு வருஷத் தாளில் பத்து வருஷம் அவர் முகத்துக்கு நேரே கிழியும். வாயைத் திறந்துகூடப் பார்த்தேன் தங்கச்சி. திரும்ப மூடிக்கொண்டேன்.

தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதிகாரி போன் பேச வெளியே போனார். பின்னாலேயே போனேன். அவர் பேசி முடிக்கும்வரை வராந்தாவில் நின்றேன். திரும்பி, "என்னங்க?" என்றார். சட்டைப் பையில் நோட்டு இருந்தது. கையை அதன்மேல்தான் வைத்திருந்தேன்.

"டீ சொல்லட்டுமா சார்?" என்றேன்.

வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு எனக்குள் ஒரு சமாதானம் வந்துவிட்டது. இவர்கள் படித்தவர்கள், கருவி வைத்திருப்பவர்கள். ஓர் இடத்தில் இல்லையென்றால் சுற்றுவட்டத்தைப் பெரிதாக்குவார்கள், தாமே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியே பெரிதாக்கவும் செய்தார்கள். நீரோட்டம் வடக்கே ஓடுகிறது என்று ஊசியிலிருந்து வடக்கு நோக்கிப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஊசி மேட்டைவிட்டு இன்னும் தூரம் போனது.

சிவப்புப் படகுக்காரர் யார் சொல்லியும் கேட்காமல் அந்த அலையில் தன் படகை எடுத்துக்கொண்டு போனார். விடிந்ததும் திரும்பி வந்தார். கயிறு அறுத்து இரண்டு உள்ளங்கையும் பிளந்திருந்தன. "உங்க எண்ணுலயே சுத்திச் சுத்தி வந்தேண்ணே. ஒரு பலகை கூட இல்ல" என்று அழுதார். நான் அவர் கைக்குத் துணி கட்டிவிட்டேன். பிறகு, வழக்கமான நேரம் தாண்டிவிட்டதால், அன்றைய தாளை அவசரமாக எழுதி ஒட்டினேன். அலை இரண்டடி. தண்ணீர் இருபத்தொன்பது. கண்ணுக்கெட்டிய தூரம் தெளிவு.

அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல் மதியம் இரண்டு மணிக்கு டாக்டரைத் தூக்கியது. மேட்டிலிருந்து மூன்று மைலில். உதவியாளர் முதல் நாள் இருட்டுவதற்குள்ளேயே போய்விட்டார். மாப்பிள்ளை மறுநாள் பகல் பன்னிரண்டு மணிவரை ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு இருந்தார் என்று டாக்டர் சொல்லியிருப்பார். இருபத்தொரு மணி நேரம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் அவ்வளவு நேரம் தாங்கியது. நான் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருந்தால் முதல் நாள் ஐந்தரை மணிக்குப் படகு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இதை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். கால் மணி முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான்.

கடல் கொண்டுபோனது என்று எல்லோரும் சொல்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் நானும் அதையே சொன்னேன். உன் புருஷனைக் கடல் கொல்லவில்லை. நான் வெட்கப்பட்டேன், அவர் செத்தார். அவரோடு இன்னொரு வீட்டுக்காரரும். நீ என் தட்டில் சோறு வைத்தபோது இதைத்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மோர் கேட்டேன்.

இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் நேரில் வராமல், பிசகில்லாமல், எழுத்தில். சின்ன நோட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அதிகாரியிடம் காட்டு. சிவப்புப் படகுக்காரரிடமும் காட்டு.

தபால் வண்டி நாலு மணிக்கு. உறையின் மேல் விலாசம் எழுதி முடித்துவிட்டேன். நீ இந்தப் புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. உன் கதவு எண் பன்னிரண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உறையில் பத்தொன்பது என்று விழுந்திருக்கிறது. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும். வேறு உறையும் கைவசம் இல்லை. அனுப்புநர் பெயர் எழுதும் இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். தபால்காரர் விவரமானவர், நாலு வீடு விசாரித்தாவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஒட்டுகிறேன்.

உன் அண்ணன்