பார்லர் அக்கா நீட்டிய விரல்

பாட்டுக்காரி: பொய் சொல்லலடி... பதினாலு பேரும் பாத்தோம்!

பரிமாறுறவள்: மெதுவா பேசு. பார் மேனேஜர் மேக்கப் ரூம் கதவுக்கு வெளியதான் நிக்கிறார்.

பாட்டுக்காரி: நிக்கட்டும். பார்லர் அக்கா தன் கடையில நம்மள மாதிரி பொண்ணுகளுக்கு நடத்தற கூட்டத்துக்கு வா வான்னு எத்தன தடவ கூப்பிட்டேன்...

பரிமாறுறவள்: எனக்கு எதுக்கு? என் புருவம் நல்லாத்தான் இருக்கு.

பாட்டுக்காரி: கம்பளிப்பூச்சி ரெண்டு படுத்திருக்கு.

பரிமாறுறவள்: சரி சரி... விஷயத்துக்கு வா.

பாட்டுக்காரி: நர்ஸ் ஒரு பெட்டியோட வந்திருந்தாங்க. எச்.ஐ.வி. இருக்கா இல்லையான்னு விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்கறது. கால் மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

பரிமாறுறவள்: எல்லாரும் நழுவியிருப்பீங்க.

பாட்டுக்காரி: நழுவ விட்டாத்தானே! அக்கா தலையில துண்டக் கட்டிக்கிட்டு குடிகாரனா மாறிட்டாங்க. "ஆணுறை எதுக்குடி, எம்மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு தள்ளாடறாங்க. ஒவ்வொருத்தியா பதில் சொல்லணும்.

பரிமாறுறவள்: நீ என்ன சொன்னே?

பாட்டுக்காரி: "போட்டா பேசு, இல்லேன்னா வண்டிய ஓரங்கட்டு, நான் இறங்கிக்கறேன்"னேன். அவளுக சிரிச்சு உருண்டாளுக.

பரிமாறுறவள்: நிஜத்துல சொல்லியிருக்கியா?

பாட்டுக்காரி: ...இல்ல. இதுவரைக்கும் இல்ல.

பரிமாறுறவள்: ம்... நானும்தான்.

பாட்டுக்காரி: அப்புறம் நர்ஸ் "யாரு முதல்ல?"ன்னாங்க. ஒரு விரலும் நீளல. புதுசா வந்தாளே, டான்ஸ் ஆடறவ... அக்கா எடுத்துவிட்ட பாதிப் புருவத்தோட நாற்காலியில இருந்தா. "நீங்க நீட்டுங்கக்கா பாப்போம்"னுட்டா.

பரிமாறுறவள்: அய்யோ.

பாட்டுக்காரி: என்ன அய்யோ?

பரிமாறுறவள்: ஒண்ணுமில்ல... நீட்டினாங்களா?

பாட்டுக்காரி: புருவம் எடுக்கற நூலக் கீழ வச்சாங்க. விரல நீட்டினாங்க. நாங்கெல்லாம் மேசையச் சுத்தி நிக்கறோம்... ரெண்டு கோடு. ரெண்டு கோடுன்னா இருக்குன்னு...

பரிமாறுறவள்: தெரியும். அழுதாங்களா?

பாட்டுக்காரி: ம்ஹூம். "மூணு வருஷமா எனக்குத் தெரியும். இந்தக் கோடு அழியாது. ஆனா தினம் ஒரு மாத்திரை போடறேன். இப்ப ரத்தத்துல கிருமியத் தேடினாலும் அகப்படலேன்னு டாக்டர் சொல்றார். பயமா இருக்கறவ கிளம்பலாம், கோவிச்சுக்க மாட்டேன்"னாங்க. ஒருத்தி வெளிய போய் வாயத் திறந்தா கடையே போச்சு. தெரிஞ்சேதான் நீட்டியிருக்காங்க!

பரிமாறுறவள்: யாரு முதல்ல கிளம்பினா?

பாட்டுக்காரி: ஒருத்தியும் கிளம்பல! அந்த டான்ஸ்காரி கண்ண மூடி நல்லா சாஞ்சுக்கிட்டா. "மீதிப் புருவத்த யாருக்கா எடுப்பா?"ன்னா. அக்கா மறுபடி நூலக் கையில எடுத்தாங்க.

பரிமாறுறவள்: ...மெலிஞ்சிருக்காங்களா?

பாட்டுக்காரி: அக்காவா? நல்லா கொழுகொழுன்னுதான் இருக்காங்க. இதென்ன கேள்வி?

பரிமாறுறவள்: சும்மா. மேல சொல்லு.

பாட்டுக்காரி: பதினாலு விரலும் வரிசையா நீண்டுச்சு. நர்ஸ் கண்ணத் துடைச்சுத் துடைச்சு ஊசி குத்தறாங்க. அப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல.

பரிமாறுறவள்: உனக்கு...?

பாட்டுக்காரி: உன் கண்ணு மை கலைஞ்சிருக்கு பாரு, இந்தப் பக்கம் திரும்பு.

பரிமாறுறவள்: ஏய்... உனக்கு என்ன வந்துச்சு?

பாட்டுக்காரி: ...ரெண்டு கோடு. நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரில இன்னொரு தடவ பாத்து உறுதி பண்ணணுமாம். அக்கா கூட வராங்க. இருந்தாலும்... நீ பக்கத்துல உக்காந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும். வரலேன்னாலும் பரவால்லடி...

பரிமாறுறவள்: வரேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி இதே மாதிரி கூப்பிட்டா. போகல. அவ சாப்பிட்ட தட்டத் தூக்கி வெளிய எறிஞ்சுட்டு வீட்டவிட்டே வந்துட்டேன்... உங்களுக்கெல்லாம் அவ பார்லர் அக்கா. எனக்குக் கூடப் பொறந்தவடி.